வீட்டை விற்று வாங்கிய வயலின்

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்குழுவில் களப்பணியாளர்கள் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)

சேமிப்பு, வசூல், நிலுவை எல்லாம் காலையிலேயே பேசி முடிச்சாச்சு. சாப்பாட்டுக்கு முன்னால் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கீங்க. வழக்கமா இந்த நேரத்தில் ரத்தசோகை பற்றியோ வங்கிக் கடன் பற்றியோ பேசுவோம். இன்னிக்கு ஒரு வயலின்காரம்மா கதையைச் சொல்லப் போறோம்.

ஏன் திடீர்னு வயலின்? போன கூட்டத்துக்கு வந்தவங்களுக்குத் தெரியும். ஒரு குழுவில் ஒரு அக்கா 8,000 ரூபாய் உள்கடன் கேட்டு மனு கொடுத்தாங்க. மகளுக்கு இசைப்பள்ளியில் வயலின் வகுப்பில் இடம் கிடைச்சிருக்கு. சொந்தமா ஒரு வயலின் வாங்கணும், பஸ்ஸுக்குக் காசு வேணும். குழுவில் பெரிய சத்தம். “ஆடு வாங்கினா குட்டி போடும், வயலின் என்ன போடும்?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரிச்சாங்க. எங்களிடம் கருத்துக் கேட்டாங்க. நாங்களும், “வருமானம் வராத கடன், யோசிச்சுக் கொடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டோம். மனு தள்ளுபடி ஆனது. அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாங்க.

ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் எங்களுக்குள் அதே பேச்சு. வயலினைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று கருத்துச் சொன்னோம்? அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தோம். படித்ததில் கிடைத்தவர் இந்த அம்மா. பெயர் கியுங் வா சுங். தென் கொரியா நாட்டுக்காரர். நம்ம ரோட்டில் ஓடுகிற ஹூண்டாய் கார் கம்பெனி இருக்கே, அந்த நாடு.

அவர் பிறந்தது 1948 மார்ச் மாதம், சியோல் நகரத்தில். வீட்டில் ஏழு பிள்ளைகள். அம்மா பெயர் லீ வோன் சூக். மகள் சுங், அம்மா எப்படி லீ என்று கேட்பீங்க. கொரியாவில் பெண்கள் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. பிள்ளைகளுக்கு அப்பா வீட்டுப் பெயர், அம்மாவுக்கு அவர் பிறந்த வீட்டுப் பெயர். இதைச் சொன்னதும் முன்வரிசையில் சிலர் முகம் மலருது பாருங்க!

கியுங் வாவுக்கு இரண்டு வயது நடக்கும்போது, 1950 ஜூன் மாதம், கொரியப் போர் வெடித்தது. மூன்று வருஷம் நடந்த போர். சியோல் நகரம் நாலு தடவை கை மாறியது. ஒரு படை பிடிக்கும், இன்னொரு படை மீட்கும், மறுபடி விழும். சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே பூசான் துறைமுகம் பக்கம் ஓடினார்கள். ஓடுகிற நேரத்தில் நாம என்ன எடுப்போம்? அரிசி, பாத்திரம், துணி, நகை, பத்திரம். இந்த அம்மா அதோடு சேர்த்து வீட்டிலிருந்த பியானோவை லாரியில் ஏற்றினார். பியானோ என்றால் ஆர்மோனியம் மாதிரி தூக்கிக்கொண்டு போகிற பொருள் இல்லை. ஒரு பீரோ அளவு இருக்கும், இருநூறு கிலோவுக்கு மேல் எடை. உயிர் பிழைக்க ஓடும்போது இதெல்லாம் தேவையா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள் என்றுதான் எங்களுக்குத் தோணுது. பிள்ளைகள் பாட்டுப் படிக்கிறது நின்னுடக் கூடாது என்பது அவர் கணக்கு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பியானோ இருந்த வீடு என்றால் ஒன்றுமில்லாத வீடு இல்லை. அந்த அம்மா படித்தவர். நம்ம நிலைமையும் அவங்க நிலைமையும் ஒன்று என்று சொன்னால் அது பொய். ஆனால் போர் வந்த பிறகு, இருந்ததை வைத்து உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அவர் சோற்றுக்கடை போட்டார். பிறகு சியோலில் உணவகம் நடத்தினார். 1960-களில் அமெரிக்கா போனபோதும் சியாட்டில் என்ற ஊரில் கொரியச் சாப்பாட்டு உணவகம்தான். ஏழு பிள்ளைகளின் வாத்தியார் சம்பளமும் அடுப்படியிலிருந்துதான் வந்தது. இட்லிக் கடை வைத்திருக்கிற நம்ம உறுப்பினர்களுக்கு அந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

கியுங் வாவுக்கு நாலு வயதில் பியானோ சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மனசு ஒட்டவில்லை. ஆறேழு வயதில் கையில் வயலின் கொடுத்தார்கள், அதுதான் பிடித்தது. ஒன்பது வயதில் சியோல் நகர இசைக்குழுவோடு மேடையில் நின்று வாசித்தார். அக்கா ஒருவர் செல்லோ படித்தார். அது வயலினுக்குப் பெரியம்மா மாதிரி, தரையில் ஊன்றி உட்கார்ந்து வாசிப்பது. தம்பிக்குப் பியானோ. எல்லோரையும் ஒரே வாத்தியத்தில் தள்ளாமல், எது யாருக்குப் படியுது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறார் அந்த அம்மா.

இந்த வாத்தியம் ஏன் கஷ்டம் என்று கொஞ்சம் சொல்லணும், இல்லையென்றால் மீதிக் கதை புரியாது. நாம கோயில் கச்சேரியில் பார்க்கிற அதே வயலின்தான். ஐரோப்பாக்காரர்கள் கொண்டு வந்து, இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம சங்கீதத்தில் சேர்ந்த வாத்தியம். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் தாங்க வைத்து வாசிப்பார்கள். அவர்கள் நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி வாசிப்பார்கள். நாலு தந்தி. வில்லில் குதிரை வால் முடி. அதில் ஒருவகைக் குங்கிலியம் தேய்த்தால்தான் தந்தியைப் பிடித்துச் சத்தம் வரும். வீணையைப் பாருங்க, விரலுக்கு இடம் காட்ட மெட்டு இருக்கும். வயலினில் அது கிடையாது. வழவழவென்ற கட்டை. விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தால் சுருதி போச்சு. இடம் காதுக்கும் விரலுக்கும் மட்டும்தான் தெரியும். அதனால்தான் சின்ன வயசிலேயே தொடங்கச் சொல்றாங்க, தினமும் மணிக்கணக்கில் பழகச் சொல்றாங்க. விட்டுவிட்டு ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கலாம் என்பது இதில் நடக்காது.

1961-ல், 13 வயதில், கியுங் வா அமெரிக்கா போனார். நியூயார்க் நகரத்தில் ஜூலியார்ட் என்று பெயர்பெற்ற இசைப்பள்ளி. அவருடைய இன்னொரு அக்கா, புல்லாங்குழல் வாசிப்பவர், ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்தார். அங்கே வாத்தியார் இவான் கலாமியன். ஆர்மீனிய இனத்தவர், ஈரானில் பிறந்தவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் நல்ல வயலின்காரர் என்று யாரைக் காட்டினாலும், பாதிப் பேர் அவரிடம் படித்தவராக இருப்பார்கள். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவது என்றால் சும்மாவா? பக்கத்து டவுன் ஹாஸ்டலுக்கு அனுப்பவே நமக்கு எத்தனை இரவு தூக்கம் போகுது.

இப்போ வீட்டு விஷயத்துக்கு வர்றோம்.

1967-ல் லெவன்ட்ரிட் போட்டி என்று ஒன்று. அப்போது அமெரிக்காவில் இளம் கலைஞர்களுக்கு இருந்த பெரிய போட்டிகளில் ஒன்று. ஜெயித்தால் பெரிய பெரிய இசைக்குழுக்களோடு வாசிக்கிற வாய்ப்பு வரும். கியுங் வாவுக்கு 19 வயது. நல்ல வாத்தியம் வேண்டும். அந்த அம்மா குடும்பத்து வீட்டை விற்று மகளுக்கு வயலின் வாங்கினார் என்று அவர் கதையைச் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். வாங்கியது சாதாரண வயலின் இல்லை. இத்தாலி நாட்டில் கிரெமோனா என்ற ஊரில் ஸ்ட்ராடிவாரி என்பவர் கையால் செய்தது. அவர் இறந்தே 1737-ல். இந்த வயலின் 1693-ல் செய்தது. ‘ஹாரிசன்’ என்று அதற்குத் தனியாகப் பெயரே உண்டு.

இந்த இடத்தில் எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. எங்கள் பயிற்சி அட்டையில் முதல் பாடம் என்ன? சொத்தை விற்றுச் செலவு செய்யாதே. அப்படிப் பார்த்தால் இந்த அம்மா செய்தது தப்பு. ஏழு பிள்ளைகள் இருக்கிற வீட்டில், ஒரு பிள்ளைக்காக வீட்டை விற்பதா? மற்ற ஆறு பேருக்கு என்ன பதில்? எங்களில் ஒருவர் விடவில்லை. “அது செலவு இல்லீங்க. அந்த வயலினும் சொத்துதான். நாளைக்கு வித்தா வீட்டு விலை கிடைக்கும்” என்றார். அதுவும் நிஜம். ஸ்ட்ராடிவாரி வயலின் விலை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டுதான் போயிருக்கிறது. நம்ம பிள்ளைகள் கடையில் வாங்குகிற வயலினுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது, வாங்கிய மறுநாளே பாதி விலை. ஆக வீட்டை விற்றதை நல்ல உதாரணமாக உங்களிடம் காட்ட நாங்கள் வரவில்லை. தயவுசெய்து நாளைக்கே யாரும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிடாதீங்க.

எங்களை யோசிக்க வைத்தது வேறு. அந்தப் பெண் மேடையில் நிற்கும்போது கையில் இருப்பது வீடு. தோற்றிருந்தால்? பத்தொன்பது வயசுப் பிள்ளையின் தோளில் அத்தனை பாரம் வைக்கலாமா? “உனக்காகத்தான் எல்லாத்தையும் வித்தேன்” என்று நாமும்தான் பிள்ளைகளிடம் சொல்கிறோம். பள்ளிக்கூட பீஸ் கட்டும்போது சொல்கிறோம், மார்க் குறைந்தால் இரண்டு தடவை சொல்கிறோம்.

போட்டியில் எதிரே நின்றவர் பிங்கஸ் சூக்கர்மேன். இஸ்ரேல் நாட்டிலிருந்து வந்த பையன். அதே ஜூலியார்ட், அதே கலாமியன் வாத்தியார். ஒரே வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் மோதினால் வாத்தியார் பாடு என்ன என்று பாருங்க. முடிவில் நடுவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து முதல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் போட்டியில் பரிசைப் பகிர்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஐரோப்பாவில் ஜோசப் சிகெட்டி என்ற வயதான மேதையிடமும் கியுங் வா போய்ப் படித்தார். பரிசு வாங்கினவருக்கு இன்னும் என்ன படிப்பு என்று இருந்துவிடவில்லை.

பெரிய கதவு திறந்தது 1970 மே மாதம், லண்டனில். வாசிக்க வேண்டியவர் இட்சாக் பெர்ல்மேன். சின்ன வயசில் போலியோ வந்து, ஊன்றுகோலோடு மேடை ஏறி உட்கார்ந்து வாசிக்கிற பெரிய கலைஞர். அவரும் கலாமியன் சீடர்தான். அவரால் வர முடியாமல் போனது. யாரைக் கூப்பிடுவது என்று தேடியபோது இந்தக் கொரியப் பெண்ணின் பெயர் வந்தது. வயது 22. ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற அரங்கம். பின்னால் லண்டன் சிம்பனி இசைக்குழு.

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் நமக்குத் திருவிழா மெல்லிசைக் கச்சேரி ஞாபகம் வரும். இது வேறு. எழுபது, எண்பது பேர் வயலின், குழல், கொம்பு, முரசு எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒருவர் கையில் குச்சியோடு நின்று நடத்துவார். அவர் பக்கத்தில் தனியாக ஒருவர் நின்று, அந்த எண்பது பேருக்கும் எதிர்வாதம் பண்ணுகிற மாதிரி வாசிக்கணும். மைக் கிடையாது. மரப்பெட்டியும் நாலு தந்தியும்தான், கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கணும். ரஷ்ய இசைமேதை சைகோவ்ஸ்கி எழுதிய இசையை அன்றைக்கு அவர் வாசித்தார். நடத்தியவர் ஆந்த்ரே பிரெவின். ஒரே இரவு. அதற்குப் பிறகு இங்கிலாந்து முழுக்கக் கச்சேரி அழைப்புகள் குவிந்தன. டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அதே பிரெவின், அதே இசைக்குழுவோடு வாசித்த முதல் இசைத்தட்டை இன்றைக்கும் உலகம் கேட்கிறது. அந்தக் காலத்தில் மேற்கத்திய இசை மேடையில் ஆசியக் கண்டத்துப் பெண் ஒருத்தி வந்து நிற்பது அபூர்வம். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கைவேகம் இருக்கும், உள்ளே உணர்ச்சி இருக்காது என்று பேசினவர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஊர் ஊராகக் கச்சேரி. தம்பி மியுங் வுன் 1974-ல் மாஸ்கோவில் பியானோ போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியபோது சியோல் நகரமே ஊர்வலம் நடத்திக் கொண்டாடியது. பிறகு அவர் உலகம் அறிந்த இசைக்குழு நடத்துநர் ஆனார். அக்காவும் தங்கையும் தம்பியுமாக மூன்று பேரும் சேர்ந்தும் வாசித்தார்கள். 1984-ல் கியுங் வாவுக்குக் கல்யாணம். இரண்டு மகன்கள். பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது கச்சேரியைக் குறைத்துக்கொண்டார். தம்பிக்கு அப்படிக் குறைக்க வேண்டி வந்ததா என்று நாங்கள் படித்த இடத்தில் இல்லை. நீங்களே யோசிச்சுக்கோங்க.

2005-ல் விரலில் காயம். நமக்கு விரலில் காயம் என்றால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் களை எடுக்கப் போவோம். அவருக்கு அந்த விரல்தான் தொழில். மெட்டு இல்லாத கட்டை என்று சொன்னோமே, அதில் இடம் தெரிந்த விரல். ஐம்பத்தேழு வயதில் மேடையை விட்டு இறங்கினார். ஒரு மாசம் இரண்டு மாசம் இல்லை, ஐந்து வருஷம். 2007-லிருந்து தான் படித்த அதே ஜூலியார்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வாத்தியத்தைத் தொடாமல் மனசுக்குள்ளேயே வாசித்துப் பழகியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பீடி சுற்றுகிறவங்க, தீப்பெட்டி ஒட்டுகிறவங்க, தறியில் உட்கார்கிறவங்க இங்கே எத்தனை பேர்! கை நின்னா வருமானம் நின்னுச்சு என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லி விளங்க வேண்டியதில்லை. 2010-ல் சியோலில் மறுபடி மேடை ஏறினார். அடுத்த வருஷம், 2011-ல், அந்த அம்மா லீ வோன் சூக் காலமானார்.

இன்னொரு சம்பவம். இதைச் சொல்லாமல் விட்டால் அவரைத் தெய்வமாக்கிய மாதிரி ஆகிவிடும். 2014 டிசம்பரில் அதே லண்டன் அரங்கத்துக்குத் திரும்ப வந்தார். பனிக்காலம், அரங்கில் ஒரே இருமல். ஒரு சின்னக் குழந்தையும் இருமியது. அவர் அந்தப் பெற்றோரைப் பார்த்து, பிள்ளை கொஞ்சம் பெரிசானதும் கூட்டிக்கிட்டு வாங்க என்கிற மாதிரி மேடையிலிருந்தே சொல்லிவிட்டார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஆறேழு வயசில் வயலின் பிடித்த பெண், பிள்ளையைக் கூட்டி வந்த பெற்றோரை இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்கள். எங்களுக்கும் அது பிடிக்கவில்லை. அந்தப் பெற்றோரும் அவருடைய அம்மா மாதிரி ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தானே டிக்கெட் வாங்கியிருப்பார்கள்?

2016-ல் பாக் என்ற ஜெர்மன் மேதை 300 வருஷத்துக்கு முன்னால் தனி வயலினுக்கு எழுதிய ஆறு படைப்புகளையும் முழுசாகப் பதிவு செய்து வெளியிட்டார். 2017 மே மாதம் நியூயார்க் கார்னகி அரங்கில் அந்த ஆறையும் மேடையில் வாசித்தார். பின்னால் இசைக்குழு கிடையாது, பியானோ கிடையாது. நின்றுகொண்டு, தனியாக, இரண்டு மணி நேரத்துக்கு மேல். வயது 69. நம்ம குழுவில் அறுபது தாண்டியவங்களுக்குப் புதுக் கடன் வேண்டாம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கு. அதைத் தனியாகப் பேசணும், இன்னிக்கு வேண்டாம்.

இப்போ நம்ம விஷயம். அந்த அக்காவின் மனு இன்று மதியம் நிகழ்ச்சி நிரலில் நாலாவது பொருள். போன தடவை நாங்கள் சொன்ன கருத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். கொடுங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பணம் உங்க சேமிப்பு, கை தூக்க வேண்டியது நீங்க. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். முடிவு எடுக்கிறதுக்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன கத்துக்கிட்டே என்று கேளுங்க. போன தடவை அதை யாருமே கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளை இன்னிக்கு வந்திருக்கு. வாத்தியாரிடம் இரவல் வாங்கின வயலின், பின்னால் பாய்க்குப் பக்கத்தில் இருக்கு. யாரும் மிதிச்சுடாதீங்க.

அதுக்கு முன்னால் கியுங் வா அம்மா வாசிச்சதை நாலு நிமிஷம் கேட்போம். போனில் வைத்திருக்கிறோம், ஸ்பீக்கர் தம்பி இணைச்சுட்டார். பாக் எழுதியது, தனி வயலின்தான். முழுசாக வாசித்தால் கால் மணி நேரம் ஆகும், சோறு ஆறிடும். மின்விசிறியை மட்டும் நிறுத்திடுங்க. குழந்தைங்க யாராவது இருமினா இருமட்டும்.